ஒரு வரி விட்டேன்

பாலாய் ராயாவில் பொம்பாக்காரர் பேசப் பேச
நான் தமிழில் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு.
ஐந்தாம் படிவம் முடித்தவள்,
கையுறைத் தொழிற்சாலையில்
மலாய்க்கார சூப்பர்வைசரோடு பன்னிரண்டு வருஷம் வாயாடியவள்
என்று மைக்கை என்னிடம் நீட்டிவிட்டார்கள்.

சார்ஜன் ஹைருல் மெல்லப் பேசுகிறவர்.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி
என் முகத்தைப் பார்ப்பார்.

கேஸ் தோம்பை அடுப்போடு ஒட்டி வைக்காதீர்கள், என்றேன்.
ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள், என்றேன்.
"ரப்பரைப் பத்தி நமக்கே பாடமா?" என்றார்
நாற்பது வருஷம் பால்மரம் வெட்டிய செங்கோடன்.
மண்டபம் சிரித்தது.
எதற்கென்று தெரியாமல் சார்ஜனும் சிரித்தார்.

பின்சந்து தீயணைப்பு வண்டிக்கு உரியது;
அதில் குசினி இழுத்துக் கட்டியவர்களுக்கு
நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வரும்.
இதைச் சொல்லும்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பீடோங்கில் தோட்டம் விற்றபோது கிடைத்த
பதினாறு மலிவு வீடு எங்கள் வரிசை.
பதினாறு குசினியும் சந்தில்தான் நிற்கிறது.
பரிமளா மட்டும் கேட்டாள்,
"என் கோழிக்கூண்டும் கட்டடமா?"
சட்டப்படி ஆமாம், என்றார் சார்ஜன்.
"ஆமாம், ஆனா கோழிக்கு அது தெரியாது" என்றேன் நான்.
ஒரு வரி கூட்டினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு அவர் ஜன்னல் கம்பியைத் தொட்டார்.
"போன வருஷம் ஒரு வீடு. ஊர்ப்பெயர் வேண்டாம்.
ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்குக் கம்பி, கம்பிக்குப் பூட்டு.
நாங்கள் வெளியே நின்று அறுத்தோம்.
இரும்பு அறுபட நாலு நிமிஷம்.
புகைக்கு இரண்டு போதும்."
அப்படியே சொன்னேன்.
நாலுக்கும் இரண்டுக்கும் விரலும் காட்டினேன்.

சாவி உள்பக்கம் இருக்கவேண்டும்,
ஆணியில், கைக்கெட்டி,
இருட்டில் தடவினாலும் கிடைக்கும்படி.
சொன்னேன்.

அடுத்து அவர் கேட்டது:
பிள்ளைகளை உள்ளே விட்டு
வெளியே பூட்டிக்கொண்டு
இரவு வேலைக்குப் போகிறவர்கள்
இங்கே யாராவது உண்டா?

மைக் என் வாய்க்கருகில் இருந்தது.
காற்றாடி ஒரு சுற்று சுற்றியது.
என் கைப்பையில்
தொழிற்சாலை அட்டைக்கும் பனடோலுக்கும் நடுவில்
இரண்டு சாவியும்.

"கேள்வி இருந்தா கேளுங்க" என்றேன் தமிழில்.

கேள்வி இல்லை. கையும் இல்லை.
பரிமளாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும்.
அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சார்ஜன் தாளில் ஏதோ குறித்தார்.
பூஜ்யமாகத்தான் இருக்கும்.

அன்றைக்கும் எனக்கு இரவு ஷிப்டு.
பத்தரைக்கு சுங்கைப் பட்டாணி பஸ்.
லோகினிக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு.
முனைவீட்டில் பாராங்கோடு புகுந்தார்களே,
அதற்கப்புறம்தான் இந்தக் கிரில்,
தவணையில், மாதம் நூற்றைம்பது ரிங்கிட்.
அந்தப் பயத்துக்கே இன்னும் மூன்று மாதம் பாக்கி.
அதற்குள் இன்னொன்று.

தம்பியைச் சுவரோடு நிற்கவைத்து
கையைத் தூக்கச் சொன்னேன்.
விரல்நுனி தொட்ட இடத்தில் ஆணி அடித்தேன்.
விளக்கை அணைத்துவிட்டு, எடு, என்றேன்.
முதல் தடவை காலண்டரைக் கிழித்தான்.
ஐந்தாம் தடவை பூட்டைத் திறந்தேவிட்டான்,
சிரித்துக்கொண்டு, விளையாட்டென்று நினைத்து.

"திறந்தா வெளிய யாரும்மா நிப்பா?"
என்றாள் லோகினி.

பஸ் ஹாரன் அடித்தது.
கிரிலை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினேன்.
உள்ளேயிருந்து அவள் பூட்டினாள்;
கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று
அந்தச் சத்தத்தைக் கேட்டது
எனக்கு இதுதான் முதல் தடவை.

படி இறங்கும்போது
பரிமளா வீட்டுக்குள்
யாரோ ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்,
இரவு பத்தரை மணிக்கு.